ஒஃபீலியாவின் வண்டி ஏன் கொதித்தது

குளோப் என்ற செம்புச் சுரங்க ஊரில் வண்டி உதிரிபாகக் கடையின் கவுண்டருக்குப் பின்னால் நின்றே எனக்குப் பாதி ஆயுள் கழிந்துவிட்டது. எந்த வீட்டு வண்டிக்கு என்ன நோய் என்பது அந்த வீட்டுக்காரர்களுக்குப் புரிவதற்கு முன்பே பெரும்பாலும் எனக்குப் புரிந்துவிடும். ஆனால் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டுக் கோடையில் என் தோழி ஒஃபீலியாவின் வண்டிக்கு வந்த காய்ச்சல் எனக்கும் பிடிபடவில்லை.

ஒஃபீலியா புஸ்டமாண்டே செம்புச் சுரங்கத்தில் நில அளவையாளர். அந்தப் பெரும்பள்ளத்தின் விளிம்பில் அளவைக் கருவியின் முக்காலியை நட்டு, எதிர்ச்சுவர் நேற்று இருந்த இடத்தில்தான் இன்றும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. அவளுடைய வண்டி எழுபதாம் வருடத்தது. இரண்டே கதவு, நீண்ட மூக்கு, எட்டு சிலிண்டர், பழுத்த ஆரஞ்சு நிறம். கிளம்பினால் தெருக்கோடி வரை ஜன்னல் கண்ணாடிகள் அதிரும். யாரோ ஒருவருடைய கொட்டகையில் கோழி எச்சத்துக்கு அடியில் கிடந்ததைக் கொண்டுவந்து உயிர் கொடுத்தவர்கள் அவளும் அவள் கணவன் மிலான் ராடிச்சும்தான். கல்யாணம் முறிந்தபோது மிலான் நாயை எடுத்துக்கொண்டான், அவள் வண்டியை எடுத்துக்கொண்டாள். அடுத்தவர் எடுத்துக்கொண்டதுதான் தனக்கு வேண்டியிருந்தது என்று இருவருமே என்னிடம் தனித்தனியாக வந்து சொல்லியிருக்கிறார்கள்.

அந்த ஆண்டு நெவாடாவில் ஒரு தங்கச் சுரங்கத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. இலையுதிர் காலத்தில் போய்ச் சேர வேண்டும். வண்டியை லாரியில் ஏற்றி அனுப்பிவிடேன் என்றேன்.

"ஏத்தி அனுப்புறதுக்கு அது என்ன சோபாவா? ஓட்டிக்கிட்டுத்தான் போவேன்" என்றாள்.

ஆனால் வண்டி ஊரைவிட்டு மேற்கே போகும் ஏற்றத்தையே தாண்டவில்லை. அந்த ஏற்றத்தின் தலையில் விரல்விட்டு எண்ணும்படி சில வீடுகள் இருக்கின்றன. அந்த இடத்துக்கு 'உலக உச்சி' என்று யாரோ பெரிய மனசோடு பெயர் வைத்துவிட்டார்கள். பாதி ஏற்றத்திலேயே வெப்ப முள் சிவப்பைத் தொட்டுவிடும். பிறகு மூக்குக்கு அடியிலிருந்து ஆவி. ஓரம்கட்டி, இஞ்சின் மூடியைத் திறந்து, சாலையோரப் பாறைமேல் உட்கார்ந்து அது ஆறும்வரை காத்திருந்து, இறக்கத்தில் உருட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்புவாள்.

சூடாகும் வண்டி என்றால் ஊரில் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். என் கடையில் காபி குடிப்பதற்கென்றே வரும் டிரெவீனா, முன்னாள் சுரங்கத் தொழிலாளி, ஒரு விரலைத் தூக்கி, "ரேடியேட்டர் அடைச்சிருக்கு. எழுதி வச்சுக்கோ" என்றார்.

"போன தடவ என் துணி துவைக்கிற மெஷினுக்கும் இதத்தான சொன்னீங்க?" என்றாள் ஒஃபீலியா.

"அதுவும் அடைச்சுத்தான இருந்துச்சு?"

"அது பெல்ட் அறுந்து கிடந்துச்சு!"

மற்றவர்கள் என்றால் இந்த மாதிரி நேரத்தில் பாதிக் கடையை வாங்கிக்கொண்டு போய் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுவார்கள். வண்டி சரியாகிவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாது. சரியாகவில்லை என்றால் அதற்கும் காரணம் தெரியாது. ஒஃபீலியா ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் தொடுவாள். தொட்டபின் ஏற்றத்தில் ஓட்டிப் பார்ப்பாள்.

முதலில் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்பட்டாள். இஞ்சின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் சின்னக் கதவு அது. புதியது ஒன்று எடுத்துத் தரட்டுமா என்றேன். வேண்டாம் என்று பழையதைக் கழற்றி, நேராக என் சமையலறைக்கு வந்து, நான் பீன்ஸ் வேகவைக்கும் பாத்திரத்தில் தண்ணீரோடு போட்டு அடுப்பில் ஏற்றினாள். பக்கத்தில் மிட்டாய்ப் பாகுக்கு வைக்கும் வெப்பமானி. நாங்கள் இருவரும் பாத்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றோம். தண்ணீர் சரியான சூட்டை எட்டியதும் அந்தப் பித்தளைக் கதவு மெல்ல வாயைத் திறந்தது.

"பாரு, எவ்வளவு ஒழுங்கா வேலை செய்யுது, பாவம்! இது மேல பழி போட்டோமே" என்றாள்.

"என் பாத்திரத்த யாரு தேய்க்கிறது?"

"ரேடியேட்டர் தண்ணில கலக்குற கூலன்ட் விஷம்டி. இனிமே இதுல சமைக்கக் கூடாது. வேற வாங்கித் தரேன்."

அடுத்து ரேடியேட்டரைக் கழற்றி, தண்ணீர் பாய்ச்சிப் பார்த்தாள். டிரெவீனாவின் முகம் வாடும்படி தண்ணீர் தடையில்லாமல் ஓடியது. ரேடியேட்டர் மூடியைச் சோதித்தாள். அழுத்தத்தைத் தாங்கியது. வாட்டர் பம்பைப் பிரித்தாள். விசிறித் தகடுகள் ஒன்றுகூடத் தேயவில்லை. ரேடியேட்டரின் கீழ் ரப்பர்க் குழாய் வண்டி ஓடும்போது உறிஞ்சப்பட்டுச் சுருங்கி ஒட்டிக்கொள்கிறதோ என்று பார்த்தாள். அதைத் தடுக்கும் சுருள் கம்பி உள்ளே பத்திரமாக இருந்தது. முள்தான் பொய் சொல்கிறதோ என்று வேறு முள் மாட்டிப் பார்த்தாள். அதுவும் சிவப்பைத்தான் காட்டியது. ஒவ்வொரு தடவையும் ஏற்றம், ஆவி, பாறை.

ஒரு நாள் அவளோடு நானும் போனேன். எனக்கு அன்று இரண்டு விஷயம் உறைத்தது. ஒன்று, ஏற்றத்தில் வண்டி இழுத்த விதம். முன்பெல்லாம் அதை மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டும். அன்று வயிறு முட்டத் தின்றுவிட்டுத் தூக்கத்துக்கு இடம் தேடுகிறவனைப்போல நடந்தது. இன்னொன்று, பாறைமேல் காத்திருந்தபோது மூடிக்குள் எட்டிப் பார்த்தேன். புகை வெளியேறும் குழாய்கள் இஞ்சினோடு சேரும் இடத்தில் வண்ணம் கொப்புளித்து உரிந்திருந்தது.

"இது எப்பவும் இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டேன்.

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு, "இல்ல. வசந்தத்துல நான் டியூன் பண்றப்போ நல்லாத்தான் இருந்துச்சு. ட்ரினி, சூடு தண்ணில பொறக்கல. தண்ணி தன் வேலையப் பாக்குது. வேற எதுவோ அளவுக்கு மீறிச் சூட்டைத் தள்ளிக்கிட்டே இருக்கு" என்றாள். அவள் கண்ணில் சலிப்பு போய் வேறொன்று வந்திருந்தது. அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கும்.

மறுநாள் காலை மிலான் கடைக்கு வந்தான். ஏதோ ஒரு ஆயில் ஃபில்டர் கேட்டான். வரவழைத்துத் தருகிறேன் என்ற பிறகும் போகவில்லை.

"நேத்து அவ வண்டி பேங்க் முன்னால போச்சு. கேட்டேன்."

"என்ன கேட்ட?"

"சத்தத்த. டைமிங் பின்தங்கிக் கிடக்கு. நெருப்பு லேட்டாப் பத்துது. நான் சொன்னேன்னு சொல்லிடாத."

சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்குச் சற்று முன்பே பொறி விழ வேண்டும். அந்த நேரத்தைத்தான் டைமிங் என்போம்; டிஸ்ட்ரிபியூட்டரைத் திருகி அதை மாற்றலாம். அப்போதுதான் எரிவது முழுக்க பிஸ்டனைக் கீழே தள்ளும். பொறி தாமதித்தால் பெட்ரோல் எரிந்துகொண்டே வெளியே போகும். அடுப்பு பாத்திரத்துக்குக் கீழே எரியாமல் புகைபோக்கிக்குள் எரிகிற கதைதான். தள்ளுவது குறையும், குழாய் வாயெல்லாம் பழுக்கும், அந்தச் சூடு முழுவதும் தண்ணீரில் வந்து இறங்கும். உரிந்த வண்ணம் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது.

அன்று மாலையே போய்ச் சொன்னேன். யார் சொன்னது என்று நான் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ராடிச் வந்தானா கடைக்கு?" கோபம் வந்தால் அவனை யாரோ மூன்றாம் மனிதனைப்போலக் குடும்பப்பெயர் சொல்லித்தான் பேசுவாள். "டைமிங் நானே வச்சது. டைமிங் லைட்டு புடிச்சு, புத்தகத்துல சொன்ன இடத்துல வச்சேன். முந்தாநாள்கூடப் பாத்தேன். சக்கரத்துல இருக்கிற கோடு டைமிங் முள்ளுக்கு நேரா நிக்குது. அவன் எந்தக் காலத்துல லைட்டத் தொட்டான்? டிஸ்ட்ரிபியூட்டரப் புடிச்சுத் திருகிக்கிட்டே தலையைச் சாய்ச்சுக் கேப்பான், பாட்டுக் கேக்குற மாதிரி. 'ஆங், இதான்'ம்பான். ஏன் அதுன்னு கேட்டா, 'ஓடுதுல்ல, விடு'ம்பான். எனக்கு அந்த 'விடு' இருக்கு பாரு..."

அந்த 'விடு'வினால்தான் அவர்கள் பிரிந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதற்கும் அதில் பங்கு உண்டு.

அடுத்த சில நாள் நான் தபால்காரியானேன். "கோடு நேரா இருக்காம்" என்று அவனிடம். "கோட்டக் கொண்டுபோய்க் குப்பையில போடச் சொல்லு" என்று அவளிடம். கடைசியில் எனக்கே அலுத்துப்போய், ஞாயிற்றுக்கிழமை காலை பச்சை மிளகாய் வைத்துச் சுருட்டிய புரீட்டோ ரொட்டி செய்து எடுத்துக்கொண்டு, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவரை ஒரே இடத்துக்கு வரவழைத்தேன். இடம் அவள் வீட்டு வாசல்தான். மிலான் வண்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"நீ ஃபில்டர் தரேன்னுதான சொன்ன?"

"சாப்பிடு" என்றேன்.

அவன் சாப்பிடவில்லை. இஞ்சினை ஓடவிடச் சொல்லி, டிஸ்ட்ரிபியூட்டரின் இறுக்கத்தைத் தளர்த்தி, கையால் மெல்லத் திருகினான். இஞ்சினின் குரல் மாறியது. தொண்டை அடைத்தவன் கனைத்துக்கொண்டதுபோல இருந்தது. மிலான் இறுக்கிவிட்டு, "ஏத்தத்துக்குப் போ" என்றான்.

மூவரும் போனோம். ஒஃபீலியா மிதித்தாள், என் முதுகு சீட்டோடு ஒட்டியது. முள் நடுவைக் கொஞ்சம் தாண்டி ஏறி, அங்கேயே நின்றது. அந்தக் கோடையில் முதல் தடவையாக உலக உச்சியில் வண்டியை நிறுத்தினோம். ஆவி இல்லை. மிலான் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். சிரிக்காமல் இருக்க அவன் பட்ட பாடு அவன் காது சிவந்ததில் தெரிந்தது.

"சரி, ஆறிடுச்சு. ஏன்?" என்றாள் ஒஃபீலியா.

"டைமிங்."

"டைமிங் சரியா இருந்துச்சு. நீ அதத் தப்பாக்கினதும் வண்டி சரியாயிடுச்சு. ஏன்?"

"சூடு இறங்குச்சுல்ல..."

"சொல்லாத."

"...விடு" என்று அவன் சொல்லியே விட்டான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேரே போய் டைமிங் லைட்டை எடுத்துவந்தாள். முதல் சிலிண்டரில் பொறி விழும்போதெல்லாம் மின்னும் விளக்கு அது. இஞ்சினின் முன் நுனியில் சுழலும் கனத்த சக்கரத்தில் ஒரு கோடு உண்டு. விளக்கு மின்னும்போது கோடு உறைந்து நிற்பதுபோல் தெரியும். நிலையான முள்ளுக்கு எதிரே அது எங்கே நிற்கிறது என்று பார்த்தால் பொறி எப்போது விழுகிறது என்று தெரிந்துவிடும். அவள் என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னாள். கோடு முள்ளை விட்டு எங்கோ தள்ளி நின்றது.

"இந்தக் கணக்குப்படி பொறி ரொம்ப சீக்கிரம் விழுது. இப்படி இருந்தா ஏத்தத்துல இஞ்சின் கணகணன்னு தட்டணும். தட்டிச்சா?"

"தட்டல" என்றான் மிலான்.

"லைட்டு கெட்டுப்போயிருக்கலாம்ல?" என்றேன்.

"கடையிலேர்ந்து புதுசு ஒண்ணு எடுத்துட்டு வா, பாப்போம்."

எடுத்துவந்தேன். புதியதும் அதையேதான் காட்டியது.

ஒஃபீலியா விளக்கைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். ஆறிப்போன புரீட்டோவை எடுத்துக் கடித்தாள். பாதி மென்றவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"போன வருஷம் பள்ளத்துல என்ன ஆச்சு தெரியுமா? தெக்குச் சுவர் நகருதுன்னு எங்க கணக்கு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. தினமும் கொஞ்சம் கொஞ்சமா. இஞ்சினியருங்கல்லாம் அந்தச் சுவர்ல போய்த் தடவித் தடவிப் பாக்கறாங்க, ஒரு விரிசல்கூட இல்ல. கடைசில பாத்தா, நாங்க கருவிய வச்சுப் பாக்குற தூண் இருக்கே, அது வடக்குச் சுவர் மேல நிக்குது. வடக்குச் சுவர்தான் சரியுது. நாங்க நிக்கிற இடம் நகருது, எதிர்ல நிக்கிறவன் நகர்றான்னு நெனச்சுக்கிட்டிருக்கோம்."

மிலான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைப்பது நின்றது.

"கோடு நகந்திருக்குமாங்கிற?"

"அந்தச் சக்கரம் ஒரே துண்டா?"

அவன் பதில் சொல்வதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. அந்தப் பாகத்தை நான் எத்தனையோ தடவை பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பேலன்சர் என்போம். அது ஒரே துண்டு இல்லை. உள்ளே ஒரு இரும்பு, வெளியே ஒரு கனத்த இரும்பு வளையம், இரண்டுக்கும் நடுவே அதிர்வைத் தாங்க ஒட்டிய ரப்பர். உள் இரும்புதான் இஞ்சினோடு பூட்டியிருப்பது. கோடு இருப்பது வெளி வளையத்தில்.

"ரப்பருக்கு வண்டியோட வயசு" என்றேன். "இருபத்தி மூணு வருஷம்."

"பாத்தா நல்லாத்தான இருக்கு" என்றான் மிலான். ஆனால் குரலில் பிடிவாதம் இல்லை. குனிந்து விளக்கடித்து அந்த ரப்பரையே பார்த்துக்கொண்டிருந்தான். "பிஸ்டனோட உண்மையான உச்சி எங்கன்னு கண்டுபுடிக்கணும். கோட்ட நம்பாம."

"எப்படி?" என்றேன்.

"ஒரு பழைய ஸ்பார்க் பிளக் குடு."

சிலிண்டருக்குள் பொறி விழவைக்கும் அந்த பிளக்கின் உட்பக்கத்தை அவன் குடைந்தெடுத்து, நடுவில் ஒரு போல்ட்டை நீட்டி வைத்தான். அதை முதல் சிலிண்டரில் பிளக் இருக்கும் துளையில் திருகினான். மேலே ஏறிவரும் பிஸ்டன் இப்போது உச்சிக்குப் போக முடியாமல் அந்த போல்ட்டில் முட்டி நிற்கும். நீண்ட கைப்பிடி போட்டு இஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றினான். 'டொக்' என்றது. முள்ளுக்கு நேரே வளையத்தில் ஒஃபீலியா சாக்பீஸால் ஒரு கீறல் போட்டாள். இப்போது எதிர்ப்பக்கமாகச் சுற்றினான். மறுபடியும் 'டொக்'. இன்னொரு கீறல்.

"போதும், போதும்! இனிமே என் வேலை" என்று அவள் அவனைத் தள்ளிவிட்டு உள்ளே புகுந்தாள். இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் முட்டியிருக்கிறது என்றால், இரண்டு கீறலுக்கும் நடுப்புள்ளிதான் உண்மையான உச்சி. காகித நாடாவை வளையத்தில் ஒட்டி, அளந்து, இரண்டாக மடித்து, நடுவில் மூன்றாவது கீறல் போட்டாள்.

தொழிற்சாலையில் வெட்டிய கோடு அங்கே இல்லை. பெருவிரல் அகலம் தள்ளிக் கிடந்தது, வளையம் சுற்றும் திசைக்கு எதிராக.

மூவரும் பக்கத்தில் பக்கத்தில் தலையை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று அந்த வெயிலில் எங்களைப் பார்த்தவர்கள் மூடிக்குள் ஏதோ குஞ்சு பொரித்திருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

"அப்ப நான் புத்தகத்துல சொன்ன மாதிரி வச்சேன். ஆனா கோடே பின்னால நகந்திருந்துச்சு, பொறியும் பின்னால போயிடுச்சு" என்றாள் ஒஃபீலியா மெதுவாக. "எவ்வளவு சரியா வச்சேனோ அவ்வளவு தப்பாயிடுச்சு."

"நான் கோட்டப் பாக்கவே இல்ல, அதனால எனக்குத் தெரியல" என்றான் மிலான். பிறகு சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஐயோ. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்டி. எங்கிட்டயும் ஒரு லைட்டு இருந்துச்சுல்ல, ஞாபகம் இருக்கா? அது எப்பப் பாத்தாலும் நான் வச்ச டைமிங் தப்புன்னே சொல்லும். வண்டி நல்லா ஓடும், லைட்டு தப்புங்கும். லைட்டுதான் பொய் சொல்லுதுன்னு தூக்கிக் குப்பையில போட்டேன்."

"எப்போ?"

"நாம சேந்து இருந்தப்பவே."

"அப்ப அப்பவே நகந்திருக்கு!" அவள் கண் விரிந்தது. அதில் கோபம் துளியும் இல்லை. "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ ஏன்னு கேட்டிருப்ப."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். நான் உள்ளே போய் ஐஸ் டீ எடுத்துவரும் சாக்கில் சற்று நேரம் கழித்தே வந்தேன். திரும்பி வந்தபோது, ரப்பர் மெல்ல மெல்ல நகர்ந்ததா, அல்லது ஒரு நாள் அவள் பச்சை விளக்கில் டயர் புகையக் கிளம்பியபோது ஒரே அடியாக வழுக்கியதா என்று இருவரும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். இந்த முறை ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தவன் மிலான்தான்.

நகர்ந்த வளையத்தோடு நெவாடா போக முடியாது. ஒருநாள் அது முழுதாகக் கழன்று ரேடியேட்டரைக் கிழித்துவிடும். புதிய பேலன்சருக்கு நானே சொல்லி அனுப்பினேன். வந்ததும் மிலான் பழையதை இழுத்துக் கழற்றினான். ஒஃபீலியா புதியதை ஏற்றினாள். மாட்டியபின் இருவரும் மறுபடியும் அந்த போல்ட்டைப் போட்டு, இருபுறமும் முட்டவைத்து, புதிய கோடு உண்மையான உச்சியில்தான் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தது. பிறகு அவள் லைட்டை வைத்து டைமிங்கைச் சரிசெய்தாள். அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"கொஞ்சம் முன்னால" என்றான்.

"எவ்வளவு?"

"ஒரு மயிரிழ."

"மயிரிழங்கிறது அளவா?" என்று திட்டினாள். ஆனால் நகர்த்தினாள்.

கடையில் டிரெவீனாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் காபியை உறிஞ்சியபடி வெகுநேரம் யோசித்தார். "இருந்தாலும் ரேடியேட்டரையும் ஒரு தடவ பாத்துடறது நல்லது" என்றார்.

செப்டம்பர் கடைசியில் ஒரு காலை அவள் கிளம்பினாள். பின்சீட்டில் முக்காலி, இரண்டு பெட்டி, கள்ளிச்செடி ஒன்று. மிலானும் நானும் அவன் டிரக்கில் உலக உச்சி வரை பின்னால் போனோம். ஆரஞ்சு வண்டி எங்களை விட்டுவிட்டு ஏறியது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் ஓரத்தில் நிறுத்தி, இறங்கி நின்றுகொண்டிருந்தாள். மூடியைத் திறக்கவே இல்லை. என்னைக் கட்டிக்கொண்டாள். மிலானோடு கை குலுக்கினாள், பிறகு அவனையும் கட்டிக்கொண்டாள். வண்டி வளைவில் மறைந்த பிறகும் அதன் சத்தம் மலையில் கொஞ்ச நேரம் இருந்தது. மிலான் அது முழுக்க அடங்கும்வரை டிரக்கைக் கிளப்பவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கடைக்குத் தொலைபேசி வந்தது. மிலான் அப்போது கவுண்டரில் சாய்ந்து, தனக்குத் தேவையே இல்லாத ஒரு பெல்ட்டின் விலையைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"வந்து சேந்துட்டேன். பாலைவனம் பூரா முள் நடுவுலயே நின்னுச்சு. அசையல" என்றாள் ஒஃபீலியா. "ஆனா ட்ரினி, அறுபது மைல் வேகத்துல போறப்போ மட்டும் எங்கேர்ந்தோ ஒரு விசில் சத்தம் வருது. அம்பதுல இல்ல. எழுபதுல இல்ல. அறுபதுல மட்டும்."

"விசில் அடிக்குதாம்" என்றேன் மிலானிடம்.

அவன் பெல்ட்டைக் கீழே வைத்தான்.

"ஏன்?" என்று கேட்டுக்கொண்டே தொலைபேசிக்குக் கையை நீட்டினான்.